நல்லபெருமாள் புற்றில் குடியேறிய கீரி

ஒரு காட்டில், வாடகை என்ற சொல்லே புழக்கத்தில் இல்லாத ஒரு கருவேலங்காட்டில், செங்கண்ணன் என்றொரு இளங்கீரி இருந்தான். அங்கே யாருக்காவது தூக்கம் வந்தால் ஒரு வளையைத் தோண்டிப் படுத்துக்கொள்வார்கள். வளை பிடிக்கவில்லையென்றால் நாலடி தள்ளி இன்னொன்று தோண்டுவார்கள். இப்படி நாகரிகம் தெரியாமல் வாழ்ந்ததால் அதைப் பின்தங்கிய காடு என்று எல்லோரும் சொன்னார்கள்.

செங்கண்ணனுடையது பாம்பு அடிப்பதில் பேர்போன குடும்பம். அவனும் லேசுப்பட்டவனில்லை. பால்பல் விழாத வயதிலேயே ஒரு கண்ணாடிவிரியனை ஒற்றையாளாக முடித்தவன். அதனால் பெருவனத்தில் இருக்கும் பாம்புத் தொல்லை ஒழிப்புப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கிளம்பிப் போனான். நேர்காணலுக்கு வந்திருந்தவர்களில் பாம்போடு சண்டை போட்டிருந்தவன் அவன் ஒருவன்தான். அதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளாமல் அவனுக்கே வேலையைக் கொடுத்தார்கள். பதவி, இளநிலைக் கீரி. சம்பளம், மாதம் இருபது முட்டை.

கருவேலங்காட்டில் முட்டை என்பது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கண்ணில் படுகிற பொருள். இருபது என்றதும் செங்கண்ணனின் அம்மா வாயிலிருந்த நண்டைக் கீழே வைத்தாள்.

"மாசா மாசமா?" என்று கேட்டாள்.

"மாசா மாசம்தாம்மா."

"அவ்வளவையும் தின்னா உடம்புக்குச் சூடுடா. பாதியை வித்துரு" என்றாள்.

சித்தப்பாக் கீரி அன்றைக்கே வந்து, ஐந்து முட்டை கைமாற்றாகக் கேட்டுவிட்டுப் போனார். முதல் சம்பளம் வந்ததும் போதும், அவசரமில்லை என்றும் பெருந்தன்மையாகச் சொன்னார்.

பெருவனம் என்றால் சாதாரண இடமில்லை. ராஜா இருக்கிற காடு. அலுவலகங்கள் எல்லாம் அங்கேதான். ஒரு கிளையில் நாற்பது பறவைகள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கிளை கிடைக்காதவை, உட்கார்ந்திருப்பவை எப்போது எழுந்திருக்கும் என்று பறந்துகொண்டே காத்திருக்கும். செங்கண்ணன் போய்ச் சேர்ந்த அன்றைக்குச் சாயங்காலம், வழக்கம்போல ஒரு மரத்தடியில் குழி பறிக்க ஆரம்பித்தான். இரண்டு பிடி மண் வெளியே வருவதற்குள் ஒரு காவல் மயில் வந்து நின்றது.

"என்ன பண்றே?"

"தூங்கப் போறேங்க. வளை தோண்டறேன்."

"இது யாரு மண்ணு?"

செங்கண்ணனுக்குக் கேள்வி விளங்கவில்லை. மண் யாருடையது என்று அவனை யாரும் கேட்டதில்லை. மண் மண்ணுடையது என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான். மயில் அவனை மேலும் கீழும் பார்த்தது. பறித்த மண்ணைத் திரும்பப் போட்டு, காலால் மிதித்து, முன்பு இருந்தபடியே ஆக்கிவிட்டுப் போகச் சொன்னது. அது முடிந்ததும் ஒரு நல்ல காரியமும் செய்தது. வீட்டுத் தரகர் ஒருவர் இருக்கும் வேலியைக் காட்டிவிட்டது.

தரகர் ஓர் ஓணான். பெயர் அருமைநாயகம். எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவார். வாடகை கம்மியாக வேண்டும் என்றால் ஆட்டுவார். ஆபீசுக்குப் பக்கத்தில் வேண்டும் என்றாலும் ஆட்டுவார். அவர் சரி என்கிறார் என்று நினைத்து ஒருநாள் முழுக்க அவர் பின்னால் அலைந்த பிறகுதான், அது ஓணான்களின் கழுத்துச் சுபாவம் என்று செங்கண்ணனுக்குத் தெரிந்தது.

முதலில் மரங்கொத்தி கொத்திப் பாதியில் விட்ட பொந்து ஒன்றைக் காட்டினார். எட்டிப் பார்த்தால் மறுபக்கம் ஆகாசம் தெரிந்தது. "நல்ல காத்தோட்டம் சார்" என்றார் அருமைநாயகம். அடுத்தது ஒரு பெருச்சாளி உள்வாடகைக்கு விடும் சாக்கடை ஓரம். பெருச்சாளி வீட்டில் இருக்கும்போது குடித்தனக்காரர் வெளியே நிற்க வேண்டும். வெளியே போகும்போது உள்ளே இருக்கலாம். ஆனால் பெருச்சாளி எப்போதாவதுதான் வெளியே போகும்.

"ஆபீசுக்குப் பக்கத்துல, மழை ஒழுகாம, காலை நீட்டிப் படுக்கற மாதிரி எதுவுமே இல்லையா?" என்று செங்கண்ணன் கேட்டான்.

"புத்து இருக்கு சார். பெருவனத்துல நல்ல வீடுன்னா புத்துதான். வெயில்ல குளுகுளுன்னு இருக்கும், மழையில கதகதன்னு இருக்கும். நம்ம நல்லபெருமாள் ஐயாவுக்கு இந்த வட்டாரம் பூரா புத்துதான்."

"அவர் எப்படி?"

"நல்ல ஜீவன் சார். நல்ல" என்று சொல்லி, அருமைநாயகம் தலையை ஆட்டினார். "நல்ல பாம்பு."

செங்கண்ணனின் முதுகு ரோமம் தானாகச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. பரம்பரைச் சிலிர்ப்பு. அவன் வாலை உதறிக்கொண்டு, தான் எந்தப் பிரிவில் வேலைக்கு வந்திருக்கிறான் என்பதைச் சொன்னான்.

"தெரியும் சார். உங்க பிரிவுன்னா ஐயா ரொம்ப விரும்பிக் குடுப்பாரு. மாசம் பொறந்தா சம்பளம் வந்துரும் பாருங்க. முடியை மட்டும் இறக்கிக்கங்க. வீட்டுக்காரர் முன்னால இப்படி நின்னா அட்வான்ஸை ஏத்திருவாரு."

மறுநாள் நேரில் பார்க்கப் போனார்கள். எல்லா வீட்டுக்காரர்களையும் போல நல்லபெருமாளும் சட்டையில்லாமல்தான் உட்கார்ந்திருந்தார். அன்று காலையில்தான் உரித்திருந்தார். ('இருந்தது' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'இருந்தார்' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வட்டாரத்தில் பாதிப் புற்று யாருடையதோ, அவருக்கு இலக்கணம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.)

"சொந்த ஊர் எது தம்பி?"

"கருவேலங்காடுங்க."

"அங்க என் சித்தி மகன் ஒருத்தன் இருந்தான். கண்ணாடிவிரியன். ஒரு தகவலும் இல்லை" என்றார் நல்லபெருமாள். செங்கண்ணன் தரையைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து தான் பெருமையாகச் சொல்லிவந்த ஒரு விஷயத்தை முதன்முறையாக வாயை மூடிக்கொண்டு விழுங்கினான். அது முட்டையோட்டைப் போலத் தொண்டையில் கீறிக்கொண்டு இறங்கியது.

நல்லபெருமாள் விதிகளைச் சொன்னார். கல்யாணமாகாதவர்களுக்கு விடுவதில்லை, ஆனாலும் தம்பியைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. விருந்தாளி வரக் கூடாது. சுவரில் நகம் படக் கூடாது. உள்ளே சைவம் மட்டும். முட்டை சைவம்தான், அதில் அவருக்குச் சந்தேகமில்லை. 'பாம்பு' என்ற சொல்லைப் புற்றுக்குள் உச்சரிக்கக் கூடாது. வாடகை பன்னிரண்டு முட்டை. அட்வான்ஸ் பத்து மாத வாடகை. தரகருக்கு ஒரு மாத வாடகை.

"இருபது முட்டை சம்பளத்துல பன்னெண்டு வாடகைங்களா?" என்று செங்கண்ணன் மெல்லக் கேட்டான்.

"சம்பளம் இருபதுன்னு தெரிஞ்சுதான் பன்னெண்டுன்னேன். இருபத்தஞ்சுன்னா பதினாறு சொல்லியிருப்பேன். நானும் ஈரம் உள்ளவன்தான்" என்றார் நல்லபெருமாள். அருமைநாயகம் தலையை ஆட்டினார்.

அட்வான்ஸுக்கு செங்கண்ணன் ஊருக்குத்தான் சொல்லியனுப்ப வேண்டியிருந்தது. அம்மாவுக்கு, ஏரிக்கரை ஓரம் தவளையும் நண்டும் மண்டிக் கிடக்கிற ஒரு பள்ளம் இருந்தது. கணவன் செத்த பிறகு அதை வைத்துத்தான் அவள் பிள்ளையை வளர்த்தாள். அதைக் காட்டுப்பூனை ஒன்றிடம், முட்டையைத் திருப்பித் தரும்வரை அதுவே அனுபவித்துக்கொள்ளட்டும் என்று ஒத்திக்கு விட்டாள்; கருவேலங்காட்டில் அந்தச் சொல் புழக்கத்துக்கு வந்தது அன்றைக்குத்தான். பூனை, ஊர் ஊராகப் போய் முட்டை சேர்த்துக் கொடுத்தது. மகன் எங்கே, யார் வீட்டில் குடியிருக்கப் போகிறான் என்று அம்மா கேட்டனுப்பினாள். பெரிய இடம் என்று செங்கண்ணன் பதில் சொல்லியனுப்பினான். அது பொய்யில்லை.

அட்வான்ஸ் கூடையை நல்லபெருமாள் முன்னால் வைத்தபோது, அதை எங்கே பத்திரப்படுத்துவார் என்று பார்க்க அவனுக்கு ஆசையாக இருந்தது. நல்லபெருமாள் வாயைத் திறந்தார். ஒவ்வொன்றாக விழுங்கி, கூடையைக் காலி செய்துவிட்டு, "பத்திரமா இருக்கு. காலி பண்றப்போ வாங்கிக்க" என்றார்.

புற்று, சொன்னபடி குளுமையாகத்தான் இருந்தது. முதல் வாரம் செங்கண்ணனுக்குத் தூக்கமே வரவில்லை. நல்லபெருமாள் குடியிருக்கும் மேலறையிலிருந்து வாசனை வந்துகொண்டே இருக்கும். ரோமம் எழும்பும். அவன் எச்சில் தொட்டு நீவி அதைப் படிய வைப்பான். கொஞ்ச நாளில் ரோமம் எழும்புவதை நிறுத்திக்கொண்டது. அதுவும் பழக்கந்தான்.

ஒருநாள் காலையில் புற்றின் சுவரைப் பூச ஒரு கரையான் கூட்டம் வந்தது. வெகுதூரத்திலிருந்து நடந்து வந்த களைப்பு அவர்கள் முகத்தில் தெரிந்தது. செங்கண்ணன் பேச்சுக் கொடுத்தான்.

"இந்தப் புத்தை யார் கட்டினாங்க?"

"நாங்கதான். எங்க அப்பன் பாட்டன் காலத்துலேர்ந்து நாங்கதான் கட்டறோம்" என்றது ஒரு கரையான்.

"நீங்க எங்க இருக்கீங்க?"

"காட்டுக்கு வெளியில, ஒரு காஞ்ச மட்டைக்கு அடியில. கட்டத் தெரிஞ்சவங்களுக்கெல்லாம் இங்க கட்டுப்படியாகாது தம்பி."

செங்கண்ணனுக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பூச்சு வேலை முடிந்ததும் ஈரம் காயும் வரை உள்ளே போக முடியாதே என்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஆபீசுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டான்.

மீதி எட்டு முட்டையில், தரகர் கூலிக்காகப் பூனையிடம் தனியாக வாங்கிய கடனுக்கு வட்டி மூன்று. சித்தப்பா கேட்ட கைமாற்றில் தவணை ஒன்று. ஆபீசில் மாதம் தவறாமல் யாருக்காவது கல்யாணம் நடந்துவிடும், அதற்கு மொய் ஒன்று. மிச்சத்தை வைத்து மாதத்தின் பாதியைக்கூட ஓட்ட முடியாது. அதற்குப் பிறகு வெட்டுக்கிளிதான். கருவேலங்காட்டில் இருந்தபோது வெட்டுக்கிளி என்றால் முகம் சுளித்தவன், இப்போது கடைசி வாரத்தில் அதன் காலைக்கூட வீணாக்காமல் மென்றான். முதல் தேதி சம்பளக் கூடையை வாங்கி, அதன் சூடு ஆறுவதற்குள் நல்லபெருமாள் முன்னால் வைக்கும்போது மட்டும் அவன் மூக்கு நிறைய முட்டை வாசனை அடிக்கும். தாராளமாக முகர்ந்துகொள்வான். அதற்கு வாடகை கிடையாது.

ஆபீஸ் விஷயத்துக்கு வருவோம். பாம்புத் தொல்லை ஒழிப்புப் பிரிவில் மொத்தம் பதினைந்து கீரிகள். தலைவர் தாண்டவராயர் என்ற வயசான கீரி. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து செங்கண்ணன் ஒரு பாம்பையும் பிடிக்கவில்லை. மற்றவர்களும் பிடிக்கவில்லை. புகார் ஓலைகளை வாங்கி, கட்டுக் கட்டி, மேலே ஒரு கட்டை வைத்துப் பறக்காமல் பார்த்துக்கொண்டார்கள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், எப்போது களத்தில் இறங்குவோம் என்று தலைவரிடம் கேட்டான்.

"நீ எங்க குடியிருக்கே?" என்று தாண்டவராயர் கேட்டார்.

செங்கண்ணன் சொன்னான்.

"அப்புறம் என்ன கேள்வி" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டைக் கட்டப் போய்விட்டார். பிறகு விசாரித்துப் பார்த்தால், பதினைந்து பேருமே ஏதாவது ஒரு காலத்தில் ஏதாவது ஒரு பாம்பின் புற்றில் குடித்தனம் இருந்தவர்கள்தான்.

இப்படியே போயிருக்கும். குருவம்மாள் வந்துதான் கெடுத்தாள்.

குருவம்மாள் ஒரு காடை. புல்வெளி ஓரம் கூடு. புருஷன் எங்கோ போனவன் போனவன்தான். அவள் வந்து பிரிவின் முன்னால் நின்றபோது அழவில்லை. கத்தவுமில்லை. அதுதான் எல்லோருக்கும் சங்கடமாக இருந்தது.

"இந்தத் தடவை பத்து முட்டை வச்சேன். இரை பொறுக்கப் போயிட்டு வர்றதுக்குள்ள ஆறைக் காணோம். போன தடவையும் இப்படித்தான். பாம்புதான். எந்தப் பாம்புன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க. பாம்பு வரி பாக்கின்னு இதுவரைக்கும் ஒருத்தரும் என்னைக் கேட்டதில்ல" என்றாள்.

தாண்டவராயர் சுற்றிலும் பார்த்தார். மற்றக் கீரிகள் எல்லாம் குனிந்து கட்டுக் கட்டிக்கொண்டிருந்தன. நிமிர்ந்திருந்தவன் செங்கண்ணன் ஒருவன்தான்.

"நீ போய் விசாரி. விசாரிக்கத்தான் சொன்னேன். கடிக்கச் சொல்லல" என்றார்.

செங்கண்ணன் காலில் பழைய சுறுசுறுப்பு வந்தது. கூட்டைப் போய்ப் பார்த்தான். மண்ணில் பாம்பு ஊர்ந்த தடம் எதுவுமில்லை. காடையினுடையதைவிடப் பெரிய பறவைக் காலடிகள் இருந்தன. மேலே பார்த்தான். கிளையில் வரி வசூல் காகம் உட்கார்ந்து அலகைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"இந்தக் கூட்டுலேர்ந்து முட்டை எடுத்தது யாரு?"

"நான்தான்" என்றது காகம், ஒளிக்க ஒன்றுமில்லாத குரலில். "பாம்புப் பாதுகாப்பு வரி. நூத்துக்கு அறுபது. ஆள் இல்லாத நேரத்துல எடுத்தா அழுகை, கூச்சல் இருக்காதுன்னு மேலிடத்து உத்தரவு."

"இதை எங்க கொண்டுபோய்க் குடுப்பீங்க?"

"கஜானாவுல. அங்கேர்ந்துதானே உங்க பிரிவுக்குச் சம்பளம் போகுது. போன மாசம் உங்க கூடையை நான்தான் அடுக்கினேன். மேல இருந்த புள்ளி போட்ட முட்டையெல்லாம் இந்தம்மாவோடதுதான். நல்ல முட்டை."

செங்கண்ணன் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். புள்ளி போட்ட முட்டைகள் அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தன. அவற்றில் ஒன்றையும் அவன் தின்னவில்லை. மேலே இருந்ததால் எடுத்து அப்படியே வாடகைக்கு வைத்துவிட்டான்.

அவன் புற்றுக்குத் திரும்பியபோது உச்சி வெயில். நேராக மேலறைக்குப் போனான். நல்லபெருமாள் சுருண்டு படுத்திருந்தார். செங்கண்ணனின் ரோமம், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, வால் நுனி வரை எழுந்து நின்றது.

"குருவம்மா முட்டையைத் தின்னது நீங்கதான்" என்றான்.

"குருவம்மா யாரு? நான் வெளியில போயே வருஷக்கணக்காகுது. முதுகு பிடிச்சுக்குது. எனக்கு எதுக்கு வேட்டை? மாசம் பொறந்தா வீட்டுக்கே வந்துருது. நீதான் கொண்டுவந்து வைக்கிறே."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி. அப்போ குத்தம் யாரு மேல? அவ வரி கட்டினா. காக்கா வசூல் பண்ணுச்சு. ராஜா சம்பளம் குடுத்தார். நீ வாடகை குடுத்தே. நான் வாங்கினேன். இதுல யாராவது ஒருத்தர் திருடினதா சொல்லு, நானே புத்தை விட்டுப் போறேன்."

பதில் வரவேண்டிய இடத்தில் செங்கண்ணனுக்குப் பல் முன்னால் வந்தது. அவன் பாய்வதற்குப் பின்காலைப் பதித்தான். கண்ணாடிவிரியனை முடித்த அதே பதிப்பு. நல்லபெருமாள் படம்கூட எடுக்கவில்லை. கழுத்தை நீட்டி அவன் வாய்க்கு வாகாக வைத்தார்.

"கடி. உனக்கு நான் ஒரு வாய் வேலைதான். எனக்குத் தெரியாதா? கடிச்ச பிறகு உன் அட்வான்ஸை யார்கிட்டக் கேப்பே?"

செங்கண்ணன் திறந்த வாயை மூடினான்.

"எனக்குப் பிள்ளைங்க எழுபது எண்பது இருக்கும். எங்க இருக்காங்கன்னு எனக்கே தெரியாது. ஒவ்வொருத்தர்கிட்டயும் போய்ப் பங்கு கேட்டு வாங்கிக்கறியா? உங்க அம்மா எதையோ ஒத்திக்கு விட்டதாக் கேள்விப்பட்டேன்."

ஏரிக்கரைப் பள்ளம் அவன் கண் முன்னால் வந்தது. அதில் இப்போது பூனை படுத்திருக்கும். அம்மா கரை மேல் உட்கார்ந்து, தன்னுடைய நண்டை வேறொருத்தன் தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பதித்த காலை செங்கண்ணன் மெதுவாக எடுத்தான். ரோமம் முதலில் கழுத்தில், பிறகு முதுகில், கடைசியாக வாலில் இறங்கியது.

"சுவத்துல நகம் பட்டுருச்சு பார்" என்றார் நல்லபெருமாள். "பரவாயில்ல. காலி பண்றப்போ கழிச்சுக்கறேன்."

விசாரணை அறிக்கையில் செங்கண்ணன் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. திருட்டு எதுவும் நடக்கவில்லை. நல்லபெருமாள் புற்றும் அதைச் சேர்ந்த இடங்களும் பாம்புத் தொல்லையற்ற பகுதி என்று சொன்னான். தாண்டவராயர் அதை இரண்டு தடவை கேட்டார். அவர் கண் கலங்கிவிட்டது. பிரிவு தொடங்கிய நாளிலிருந்து முழுதாக முடிந்த முதல் விசாரணை இதுதான் என்றார். ராஜாவின் சபையில் அதைப் பறையறைந்து அறிவித்தார்கள். பாம்புத் தொல்லை இல்லாத பகுதியில் பாம்பு வரி வாங்குவது நியாயமில்லை என்று ராஜா அந்தப் புற்றுகளுக்கு வரியை ரத்து செய்தார். செங்கண்ணனுக்குப் பாராட்டு மட்டும் கிடைத்தது.

குருவம்மாளுக்குத் தகவல் சொல்ல அவனே போனான். அவளிடமாவது முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. காகம் எடுத்தது, கஜானாவுக்குப் போனது, கூடையில் வந்தது, தான் கொண்டுபோய் வைத்தது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னான். கொத்தினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றான். அவள் கொத்தவில்லை.

"அப்போ திருடித் தின்ற பாம்புன்னு பெருவனத்துல ஒண்ணும் கிடையாது?"

"விசாரணைப்படி கிடையாதுங்க."

"கிடையாதுன்னா பாம்பு வரி எதுக்கு?"

"வரி வாங்கறதாலதான் பாம்பு இல்லைன்னு சொல்றாங்க."

குருவம்மாள் மீதி நாலு முட்டைகளைச் சிறகால் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"என் முட்டை சுத்திச் சுத்தி அவர்கிட்டதான் போய்ச் சேருது. நடுவுல நீங்க எத்தனை எடுத்துக்கறீங்க?"

"எட்டுங்க. ஆனா அதுலயும் மூணுதான் என் வாய்க்கு வருது."

"பாவம்" என்றாள் குருவம்மாள். அவள் அதை நிஜமாகவே சொன்னாள்.

அடுத்த முதல் தேதி செங்கண்ணன் வாடகைக் கூடையோடு போனபோது, புற்று வாசலில் அருமைநாயகம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் குருவம்மாள், குஞ்சுகளோடு. குஞ்சுகள் நாலும் கொழுகொழுவென்று இருந்தன.

"தம்பி, ஒரு சின்ன விஷயம்" என்றார் நல்லபெருமாள். "என் பிள்ளைங்கள்ல ஒருத்தன் ஊர்லேர்ந்து வர்றான். புத்தைக் காலி பண்ணிக் குடுத்துரு."

"இந்தம்மாதான் உங்க பிள்ளையா?"

நல்லபெருமாளுக்கு வெட்கம் எதுவும் வரவில்லை. "நீயே கேட்டதால சொல்றேன். இந்தப் பகுதிக்கு வரி கிடையாது. அவங்க முட்டையைக் காக்காவுக்குக் குடுக்காம நேரா எனக்குக் குடுத்துடறாங்க. உன்கிட்ட வர்ற மாதிரி நாள்பட்ட முட்டையில்ல. அன்னன்னைக்கு இட்டது. வெதுவெதுன்னு இருக்கும்."

செங்கண்ணன் குருவம்மாளைப் பார்த்தான். பாம்பின் வீட்டில் தாய்க்காடை குடியேறுவதை அவன் எந்தக் கதையிலும் கேட்டதில்லை.

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"வெளியில இருந்தப்போ பத்துல ஆறு போச்சு. மீதி நாலுக்கு நரி வருமா, பருந்து வருமான்னு கண்ணை மூட முடியாது. இங்க மூணுல ரெண்டு அவருக்கு. மிச்சத்தை ஒருத்தன் தொட முடியாது. அவர் வீட்டுக்குள்ள எவன் வருவான்? பெருவனத்துல பிள்ளை வளர்க்கணும்னா எதையாவது குடுத்துத்தானே ஆகணும் தம்பி. நீங்க சொல்லலேன்னா எனக்கு இந்த வழி தெரிஞ்சிருக்காது" என்றாள். பிறகு, "சாமானெல்லாம் எடுத்துட்டீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

அட்வான்ஸில் நகம் பட்ட சுவருக்குக் கொஞ்சம் கழிந்தது. திரும்பப் பூசும் கூலி கொஞ்சம். முன்னறிவிப்பு இல்லாமல் காலி செய்ததற்கு இரண்டு மாத வாடகை. அறிவிப்பு சொல்ல வேண்டியது நீங்கள்தானே என்று செங்கண்ணன் கேட்டான். அதைத்தான் சொல்கிறேன், அறிவிப்பு இல்லாமல் போய்விட்டது என்றார் நல்லபெருமாள். மீதியைத் தர அவர் மனப்பூர்வமாக முயன்றார். தலையைத் தாழ்த்தி, வயிற்றை இறுக்கி, மூன்று தடவை எக்கிப் பார்த்தார். கொஞ்சம் ஓடுதான் வந்தது.

அன்று பொழுது சாய்கிற நேரத்தில் செங்கண்ணன் வால் தரையில் இழுபட ஆபீசுக்கு நடந்தான். வேறு போக்கிடம் இல்லை. எல்லோரும் போயிருப்பார்கள், கட்டுகளுக்கு நடுவே ஓர் ஓரமாகப் படுத்துவிட்டு விடியுமுன் எழுந்துவிடலாம் என்பது அவன் யோசனை. கதவைத் தள்ளினான். உள்ளே தாண்டவராயர் புகார்க் கட்டுகளை விரித்து, மேலே சாய்ந்து, வெட்டுக்கிளி மென்றுகொண்டிருந்தார். அந்தப் பக்கம் ஏழெட்டுக் கீரிகள் படுக்கை தட்டிக்கொண்டிருந்தன. ஒருவரும் வியப்படையவில்லை.

"காலி பண்ணச் சொல்லிட்டாரா?" என்றார் தலைவர்.

"ஆமாங்க ஐயா. நீங்க எத்தனை நாளா இங்க?"

"தலைவர் பதவி வந்ததுலேர்ந்து. சம்பளம் ஏறுச்சு. வாடகை அதுக்கு மேல ஏறுச்சு. அந்த மூலை காலியாத்தான் இருக்கு. நிலுவைப் புகாரை எடுத்து விரிச்சுக்க. தீர்ந்த புகார் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, உன்னோடது. அது குத்தும். நிலுவைதான் மெத்துமெத்துன்னு இருக்கும்."

செங்கண்ணன் விரித்துப் படுத்தான். உண்மையிலேயே மெத்தென்று இருந்தது. அப்படிப் படுத்துப் பழகியவன் எந்தப் புகாரைத் தீர்த்துவைக்கத் துணிவான்?

ஊருக்குப் போகும் நாரை ஒன்றிடம், ஆபீசிலேயே தங்க இடம் கொடுத்துவிட்டார்கள் என்று அம்மாவுக்குச் சொல்லியனுப்பினான். அவள் அதைக் கருவேலங்காடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதைக் கேட்ட கீரிக்குட்டிகள் எல்லாம் பெருவனத்துக்கு எப்போது ஆள் எடுப்பார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தன. பெருவனத்தில், இருட்டிய பிறகும் பாம்புத் தொல்லை ஒழிப்புப் பிரிவில் ஆள் நடமாட்டம் இருப்பதைப் பார்த்த பறவைகள், நமக்காக இப்படி உழைக்கிறார்களே என்று நெகிழ்ந்து, அடுத்த வரியை மனம் கோணாமல் கட்டின.

நீதி: முட்டையிடத் தெரியாதவர்கள் பெருநகரத்தில் வேலைக்குப் போகக் கூடாது.